ட்ராஃப்டில் பெயர் வராத முன்கள வீரர்: மார்ட்டின் சான் லூயி கடந்து வந்த வழி

என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக். அதன் அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களைச் சுற்று சுற்றாகப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுப்பதுதான் ட்ராஃப்ட். அதைப் பார்த்த ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: "என்.எச்.எல். ட்ராஃப்டை இந்த முறை முழுசாகப் பார்த்தேன். ஏழு சுற்று முடிந்தும் பெயர் வராத பையன்கள் என்ன ஆகிறார்கள்? முன்களத்தில் ஆடும் ஒருவன் அதற்குப் பிறகும் பெரிய லீகில் நிலைக்க முடியுமா?"

முடியும். கோப்பை வென்றவர்கள், ஆண்டின் சிறந்த வீரர் விருது வாங்கியவர்கள், ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலுக்குப் போனவர்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஆனால் பெரும்பாலோர் வருவதில்லை. அதற்குத் திறமைக் குறைவுதான் காரணம் என்று பொதுவாக நினைக்கிறோம். இத்தனை ஆண்டுகள் இந்த விளையாட்டைப் பார்த்ததில் எனக்குப் புரிந்த காரணம் வேறு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 32 அணிகள், 7 சுற்று. ஆக ஆண்டுக்குச் சுமார் 224 பெயர்கள். இன்னொரு பக்கம், ஒரு அணி ஓர் ஆட்டத்தில் வழக்கமாக இறக்குவது 12 முன்கள வீரர்கள். லீகில் எல்லா அணிகளும் ஒரே இரவில் ஆடினால்கூட 384 முன்கள இடங்கள்தான். அந்த இடங்களில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். தேர்வானவர்களிலேயே பலர் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போவது இதனால்தான்.

அப்படியானால் தேர்வானவனுக்கும் ஆகாதவனுக்கும் என்ன வித்தியாசம்? தேர்வான பையனுக்கு அணியின் அலுவலகத்துக்குள் ஓர் ஆள் இருக்கிறார். அவனை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, "இவனை எடுங்கள்" என்று மேசையைத் தட்டிச் சொன்ன ஸ்கவுட். அந்தப் பையன் தோற்றால் அவருடைய பெயரும் கெடும். அதனால் இரண்டு ஆண்டு சரியாக ஆடாவிட்டாலும் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று காத்திருப்பார்கள். முதல் சுற்றில் எடுத்தவன் என்றால் ஐந்து ஆண்டுகூடக் காத்திருப்பார்கள். யாரும் எடுக்காதவனுக்கு அப்படிப் பேச ஆளே கிடையாது. அவன் ஒரு மாதம் தடுமாறினால், இவனை ஏன் யாரும் எடுக்கவில்லை என்பது இப்போது புரிகிறது என்பார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

இதைப் புரிந்துகொள்ள மார்ட்டின் சான் லூயியைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. கியூபெக் மாகாணத்தின் லவால் ஊரில் 1975 ஜூனில் பிறந்தவர். உயரம் 5 அடி 8 அங்குலம். அவர் வயதுக்காரர்கள் தேர்வுக்கு வந்த 1993 ட்ராஃப்டில் 11 சுற்றுகள், 286 பெயர்கள். இன்றைய ஏழு சுற்றைவிட வாசல் எவ்வளவோ அகலம். அந்த 286-இலும் அவர் பெயர் இல்லை. அதே நாள் முதல் பெயராக ஒட்டாவா அணி எடுத்தது அலெக்சாண்டர் டேகிளை. அடுத்த பெரிய நட்சத்திரம் என்று நாடே பேசிய பையன். டேகிள் கடைசியில் 616 ஆட்டங்களில் 327 புள்ளிகளோடு ஓய்வு பெற்றார். (இங்கே புள்ளி என்றால் அடித்த கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்த எண்ணிக்கை.) சான் லூயி 1134 ஆட்டங்களில் 1033 புள்ளிகளோடு முடித்தார். டேகிளைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பதினெட்டு வயதுப் பையனின் உடம்பை வைத்து அவன் முப்பது வயதில் என்ன ஆவான் என்று கணிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

ஒண்டாரியோவின் ஹாக்ஸ்பரி ஊர் அணியில் ஆடிவிட்டு, 1993-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கூடவே அவருடைய சிறு வயது நண்பர் எரிக் பெரான். இவரும் லவால்காரர், இவரும் குள்ளம், இவரையும் யாரும் எடுக்கவில்லை. இருவரும் ஒரே லைனில், அதாவது சேர்ந்தே களமிறங்கும் மூன்று பேர் குழுவில், ஆடினார்கள். ஒருவர் பார்க்காமலே பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) தள்ளுவார், மற்றவர் அங்கே நிற்பார். பின்னால் கோலில் நின்றவர் டிம் தாமஸ். அவரும் 1994-இல் 217-ஆவது பெயராகத்தான் எடுக்கப்பட்டவர். 1996-இல் இந்த மூவரும் வெர்மாண்டை அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கடைசி நான்கு அணிகளுக்குள் கொண்டுபோனார்கள். நான்கு ஆண்டுகளில் சான் லூயி சேர்த்தது 267 புள்ளிகள். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹோபி பேக்கர் விருதின் இறுதிப் பட்டியலில் மூன்று முறை இடம்பெற்றார்.

இன்று ஒருவன் இப்படி ஆடியிருந்தால், கல்லூரிப் பருவம் முடியும் மார்ச் மாதத்தில் பத்து அணிகள் அவன் வீட்டு வாசலில் நிற்கும். 1997-இல் அப்படி நடக்கவில்லை. ஒட்டாவா அணியின் முகாமில் சோதனைக்கு அழைத்தார்கள், ஒப்பந்தம் தரவில்லை. அவர் போய்ச் சேர்ந்தது ஐ.எச்.எல். என்ற கீழ்நிலை லீகில், கிளீவ்லாந்து லம்பர்ஜாக்ஸ் அணியில். அங்கே 56 ஆட்டங்களில் 50 புள்ளிகள். அதைப் பார்த்துவிட்டு 1998 பிப்ரவரியில் கால்கரி ஃபிளேம்ஸ் ஒப்பந்தம் கொடுத்து, தன் துணை அணி இருந்த செயின்ட் ஜானுக்கு அனுப்பியது.

அவருடைய முதல் என்.எச்.எல். ஆட்டம் 1998 அக்டோபர் 9 அன்று, டோக்கியோவில். கால்கரியும் சான் ஹோசேயும் பருவத்தின் தொடக்க ஆட்டங்களை ஜப்பானில் ஆடின. அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தது 13 ஆட்டங்கள், அடித்தது ஒரே கோல். மீதி நாள் முழுக்க செயின்ட் ஜானில். அங்கே சராசரியாக ஆட்டத்துக்கு ஒரு புள்ளிக்கும் மேல். அடுத்த பருவம் கால்கரியில் 56 ஆட்டங்கள், 3 கோல், 15 பாஸ்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கீழ் லீகில் ஆட்டத்துக்கு ஒரு புள்ளி எடுக்கும் ஒருவர் மேலே போனதும் ஏன் சுருங்கிவிடுகிறார்? அங்கே அவருக்குக் கிடைப்பது நான்காம் லைன். ஒரு அணியில் மூன்று மூன்று பேராக நான்கு முன்கள லைன்கள். முதல் இரண்டு லைன்கள் கோலுக்காக. பவர் பிளே, அதாவது எதிரணி ஆள் குறைவாக இருக்கும் நேரம், அவர்களுக்குத்தான். நான்காம் லைன் இரவுக்கு எட்டு, பத்து நிமிடம் ஆடும். முட்டி மோது, தப்புச் செய்யாதே, பக்கை வெளியே தள்ளு, திரும்பி வா. அந்த நிமிடங்களில் கோல் விழாது. கோல் விழாததால் மேல் லைன் கிடைக்காது. புதிதாக வரும் எல்லாரும் இந்த வட்டத்தில் சிக்குவார்கள்தான். ஆனால் முதல் சுற்றில் எடுத்த பையனை அதிலிருந்து தூக்கி மேல் லைனில் வைத்துப் பார்ப்பார்கள். மற்றவன் தானே அதை உடைத்துக்கொண்டு வர வேண்டும்.

அப்புறம் 2000-ஆம் ஆண்டு வந்தது. சான் லூயியை அழைத்து வந்த கால்கரி பொது மேலாளரும் பயிற்சியாளரும் பதவி இழந்தார்கள். புதிய பொது மேலாளராக கிரெய்க் பட்டன் வந்தார். அந்தக் கோடையில் மினசோட்டா, கொலம்பஸ் என்று இரண்டு புதிய அணிகள் லீகில் சேர்ந்தன. மற்ற அணிகள் தாங்கள் காப்பாற்ற விரும்பாத வீரர்களைப் பட்டியலில் விட வேண்டும், புதியவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கால்கரி சான் லூயியைக் காப்பாற்றவில்லை. இரண்டு புதிய அணிகளும் அவரைத் தொடவில்லை. அதன் பிறகு கால்கரி அவருடைய ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்தே முடித்துக்கொண்டது. வயது 25. இரண்டாவது முறையாக யாருக்கும் வேண்டாதவர் ஆனார். அது தவறு என்று பட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். எனக்கு அவர்மீது கோபம் இல்லை. முன்பு இருந்தவர்கள் கொண்டுவந்த வீரர், 69 ஆட்டத்தில் 4 கோல், 5 அடி 8 அங்குலம். காகிதத்தில் பார்த்தால் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அலுவலகத்தில் பேச ஆள் இல்லாமல் போவது என்று நான் சொன்னது இதுதான்.

ஜூலை கடைசியில் டாம்பா பே லைட்னிங் அவரை எடுத்தது. ரிக் டட்லி அப்போது பொது மேலாளர். லீகின் அடிமட்டத்தில் கிடந்த அணி. ட்ராஃப்டில் வராத வீரர் நல்ல அணிக்குப் போவதைவிட ஆள் இல்லாத அணிக்குப் போவது மேல் என்று நான் எப்போதும் சொல்வேன். டாம்பாவில் தப்புச் செய்ய இடம் இருந்தது. முதல் பருவத்தில் 18 கோல். இடையில் பயிற்சியாளர் மாறினார், ஜான் டோர்டொரெல்லா வந்தார். கத்துகிறவர், ஆனால் அணியை முன்னேறித் தாக்கி ஆட வைத்தவர். சின்ன உடம்புக்காரருக்கு அது சரியான இடம். சின்ன உடம்பு என்றால் பலவீனம் என்று எண்ண வேண்டாம். சான் லூயியின் தொடைகள் மரக்கட்டை போல. அகலமாகக் காலூன்றி, தாழ உட்கார்ந்து சறுக்குவார். மூலையில் அவரைவிட முப்பது நாற்பது பவுண்டு கூடுதல் எடை உள்ள தடுப்பாளர் வந்து இடித்தாலும் பக் அவரிடமே இருக்கும்.

மூன்றாம் பருவத்தில் 33 கோல், 70 புள்ளிகள். 2003-04 பருவத்தில் 38 கோல், 56 பாஸ், மொத்தம் 94 புள்ளிகள். லீகிலேயே அதிகம். அதற்கான ஆர்ட் ராஸ் கோப்பை அவருக்கு, ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையும் அவருக்கு. இது நடந்தது, உரிமையாளர்கள் கதவடைத்ததால் 2004-05 பருவமே நின்றுபோவதற்கு முன்பு. அதாவது, தடுப்பாளர்கள் கையால் பிடித்து, ஸ்டிக்கால் கொக்கி போட்டு, வேகமான ஆட்களை நிறுத்திய காலம். பின்பு நடுவர்கள் அதையெல்லாம் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள், சின்னவர்களுக்கு வழி திறந்தது. சான் லூயி அந்த வழி திறக்கும் முன்பே முதலிடம் பிடித்தவர். அவரைப் பற்றிப் பேசும்போது இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பை, அதாவது லீகின் சாம்பியன் கோப்பை, இறுதியில் எதிரே யார் தெரியுமா? கால்கரி. ஏழு ஆட்டத் தொடரில் 3-2 என்று கால்கரி முன்னிலை. ஆறாவது ஆட்டம் கால்கரி ஊரிலேயே, ஜூன் 5. வென்றால் கோப்பை அவர்களுக்கு. ஆட்டம் 2-2 என்று சமமாகி, கூடுதல் நேரமும் தாண்டி, இரண்டாவது கூடுதல் நேரத்துக்குப் போனது. அது தொடங்கி 33-ஆவது விநாடியில் சான் லூயி கோல் அடித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் பணம் கொடுத்து அனுப்பிய ஊரின் நடுவே, அந்த ரசிகர்கள் எல்லாரும் சிவப்புச் சட்டையில் உட்கார்ந்திருக்க, அரங்கம் ஊமையாகிப்போனது. இரண்டு நாள் கழித்து டாம்பாவில் 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். ஒரே பருவத்தில் ஹார்ட், ஆர்ட் ராஸ், ஸ்டான்லி கோப்பை மூன்றையும் வென்றவர் 1987-இல் வெய்ன் கிரெட்ஸ்கிக்குப் பிறகு இவர்தான்.

இனி எரிக் பெரானுக்கு வருவோம். ஒரே ஊர், ஒரே கல்லூரி, ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே லைன். அவரும் கீழ் லீகுகளில் பல ஆண்டு ஆடி, பின்லாந்து போய், 2003-04-இல் டாம்பாவுக்கு வந்து நண்பரோடு அந்தப் பிளேஆஃப் (பருவம் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும்) ஆட்டங்களில் இறங்கினார். டாம்பா, அட்லாண்டா அணிகளுக்காக 200-க்கும் மேற்பட்ட என்.எச்.எல். ஆட்டங்கள் ஆடிவிட்டு, ரஷ்யா வழியாகப் பின்லாந்துக்கே திரும்பி, நாற்பது வயதைத் தொட்ட பின்னும் ஆடினார். இதுவும் அருமையான வாழ்க்கைதான். என்னைக் கேட்டால், ட்ராஃப்டில் வராத ஒரு பையன் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது பெரானின் பாதை. சான் லூயியுடையது விதிவிலக்கு, பெரானுடையது நல்லபடியாக நடந்தால் நடக்கக்கூடியது.

சரி, இன்றைக்கு நடைமுறை எப்படி என்று கேட்பீர்கள். வட அமெரிக்கப் பையன் 18 வயதிலிருந்து 20 வரை ட்ராஃப்டுக்குத் தகுதி. அதையும் தாண்டிவிட்டால் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணியோடும் பேசலாம். ஜூலையில் அணிகள் இளையோர் முகாம் நடத்தும். தேர்வானவர்களோடு, ஒப்பந்தம் இல்லாத சிலரையும் அழைப்பார்கள். அங்கே கண்ணில் பட்டால் செப்டம்பர் முகாம். அங்கும் பிடித்துப்போனால் ஒப்பந்தம். ஆனால் எந்த ஒப்பந்தம் என்பதுதான் முக்கியம். ஒரு அணி 50 பேருக்கு மேல் என்.எச்.எல். ஒப்பந்தம் வைத்திருக்க முடியாது. அந்த ஐம்பதில் ஒன்றைச் செலவழிக்க யோசிப்பார்கள். அதனால் முதலில் கிடைப்பது பெரும்பாலும், என்.எச்.எல்.-க்கு அடுத்த படியில் இருக்கும் ஏ.எச்.எல். என்ற லீகின் அணியோடு மட்டும் போடும் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் இருப்பவனை மேலே அழைக்க முடியாது. அழைக்க வேண்டுமென்றால் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். பேருந்துப் பயணம், வாரக் கூலி, மூன்று இரவில் மூன்று ஆட்டம். ஏ.எச்.எல்.-இல் மூத்த வீரர்கள் இத்தனை பேருக்கு மேல் ஓர் ஆட்டத்தில் இறங்கக்கூடாது என்று விதி உண்டு. ஆகவே 25, 26 வயதுக்குள் மேலே போகாதவனுக்கு அங்கேயும் இடம் குறையத் தொடங்கும்.

ஈ.சி.எச்.எல்.-லிருந்து ஏறியவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் அலெக்ஸ் பரோஸ். இவரும் கியூபெக்காரர். கிரீன்வில், பேடன் ரூஜ், கொலம்பியா என்று அமெரிக்கத் தெற்கு ஊர்களில் ஆடினார். ஹாக்கி பழக்கமே இல்லாத ஊர்கள். கோடையில் சாலையில் ஆடும் பால் ஹாக்கியில் கனடா நாட்டு அணிக்கே ஆடுவார். ஏ.எச்.எல். அணியான மனிடோபா மூஸ் வழியாக 2006 ஜனவரியில் வான்கூவருக்கு வந்தார். வந்தது கோல் அடிக்க இல்லை. எதிரணிக்கு ஆள் கூடுதலாக இருக்கும்போது தடுத்து ஆடும் வேலைக்கு. பக் வரும் வழியில் உடம்பைப் போட்டு மறிக்கும் வேலை. நட்சத்திரங்கள் செய்யத் தயங்கும் வேலை. அதில் பயிற்சியாளரின் நம்பிக்கையைப் பெற்று, பிறகு அந்த அணியின் நட்சத்திரங்களான செடின் இரட்டையர்களின் லைனில் மூன்றாமவராக வைக்கப்பட்டு, 2009-10-இல் 35 கோல் அடித்தார். 2011 ஏப்ரல் 26, சிகாகோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் வான்கூவரை வீட்டுக்கு அனுப்பிய அணி அது. கூடுதல் நேரத்தில் அவர் அடித்த கோலை வான்கூவர்க்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். மொத்தம் 913 ஆட்டங்கள், 205 கோல்.

யானி கூர்டும் அதே வாசல் வழியாக வந்தவர்தான். கியூபெக் ஜூனியர் லீகில் 2011-12-இல் 124 புள்ளிகளோடு முதலிடம், இருந்தும் யாரும் எடுக்கவில்லை. கலமசூ, வூஸ்டர், சிராக்யூஸ் என்று அலைந்து, டாம்பாவில் முழுப் பருவம் ஆடத் தொடங்கியபோது வயது 25. அந்தப் பருவம் 25 கோல். 2020, 2021 இரண்டு ஆண்டும் ஸ்டான்லி கோப்பை. 2021 அரையிறுதியின் ஏழாவது ஆட்டம் 1-0 என்று முடிந்தது. அந்த ஒரே கோலை அடித்தவர் கூர்ட், அதுவும் தன் அணி ஓர் ஆள் குறைவாக இருந்தபோது. தடுக்கும் வேலைக்காக இறக்கப்பட்ட ஆள் கோல் அடித்துக்கொண்டு வந்தார்.

தேர்வாகாததில் ஒரு நன்மையும் உண்டு. எங்கே போவது என்று தானே முடிவு செய்யலாம். எடுக்கப்பட்டவனின் உரிமை ஒரு அணியிடம் இருக்கும், அவர்கள் சொன்ன இடத்துக்குத்தான் போக முடியும். ஆர்டெமி பனாரினை எந்த அணியும் ட்ராஃப்டில் எடுக்கவில்லை. ரஷ்ய லீகிலேயே வளர்ந்து, 2015-இல் 23 வயதில் சிகாகோவைத் தேர்ந்தெடுத்தார். அங்கே அந்த அணியின் நட்சத்திரம் பேட்ரிக் கேன் பக்கத்தில் ஆடினார். முதல் பருவத்திலேயே 77 புள்ளிகள், சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை. அமெரிக்கக் கல்லூரிகளில் 22, 23 வயதில் படிப்பை முடிக்கும் பையன்களுக்கும் இந்தச் சுதந்திரம் கைகொடுக்கிறது. இப்போது கனடாவின் பெரிய ஜூனியர் லீகுகளில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடலாம் என்று 2025 ஆகஸ்டிலிருந்து விதி மாறிவிட்டது. முன்பெல்லாம் இருபது வயதில் ஜூனியர் முடிந்து நடுத்தெருவில் நின்றவனுக்கு இன்னும் மூன்று நான்கு ஆண்டு வளர நேரம் கிடைக்கும். ட்ராஃப்டில் வராதவர்களுக்கு என் காலத்தில் நடந்த மிகப் பெரிய நல்ல மாற்றம் இது என்று நினைக்கிறேன்.

புதிய அணிகள் சேரும்போது வரும் வாய்ப்பையும் சொல்ல வேண்டும். 2000-இல் அது சான் லூயிக்கு உதவவில்லை. 2017-இல் ஜோனத்தன் மார்ஷசோவுக்கு உதவியது. முந்தைய பருவத்தில் 30 கோல் அடித்த அவரை ஃபுளோரிடா காப்பாற்றாமல் விட்டது, வேகாஸ் எடுத்துக்கொண்டது. 2023-இல் வேகாஸ் கோப்பை வென்றபோது பிளேஆஃபின் சிறந்த வீரர் விருது அவருக்கு. அவரும் ட்ராஃப்டில் வராதவர். முப்பது கோலுக்குப் பிறகும் விட்டுவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் நாள் ஒட்டிய சீட்டு பத்து ஆண்டு கழித்தும் நெற்றியில் இருக்கிறது.

என்.எச்.எல். வாய்க்காதவர்களுக்கு ஐரோப்பா இருக்கிறது. ஜெர்மனி, சுவீடன், சுவிட்சர்லாந்து, பின்லாந்து, ஆஸ்திரியா என்று முழுநேரச் சம்பளம் தரும் லீகுகள். பல இடங்களில் வீடும் காரும் சேர்த்தே தருவார்கள். வெளிநாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு என்பதால் போட்டி கடுமைதான். ஆனால் ஏ.எச்.எல்.-இல் முப்பதைத் தாண்டி ஆடுவதைவிடக் குடும்பத்தோடு வாழ இது எவ்வளவோ மேல்.

சான் லூயியின் பிற்பகுதியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2006-07-இல் 102 புள்ளிகள். 2005 நவம்பரிலிருந்து 2011 டிசம்பர் வரை ஒரு ஆட்டமும் தவறாமல் தொடர்ந்து 499 ஆட்டங்கள். 2012-13 பருவம் பாதியாகச் சுருங்கியது, 48 ஆட்டங்கள். அதில் 60 புள்ளிகளோடு மீண்டும் முதலிடம். வயது 37. அந்த வயதில் ஆர்ட் ராஸ் வென்றவர் வேறு யாரும் இல்லை. அடுத்த ஆண்டு ஒலிம்பிக் அணித் தேர்வில் முதலில் அவரை விட்டுவிட்டார்கள். கனடா அணியைத் தேர்ந்தெடுத்தவர் ஸ்டீவ் ஐசர்மன், டாம்பாவின் பொது மேலாளரும் அவரே. தேர்வாகியிருந்த ஸ்டீவன் ஸ்டாம்கோஸின் கால் முறிவு ஆறாததால் பிறகு அழைத்தார்கள், தங்கப் பதக்கத்தோடு திரும்பினார். மார்ச் மாதம் அவர் கேட்டுக்கொண்டபடி நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு மாற்றினார்கள். அவரை வாங்க ரேஞ்சர்ஸ் தன் கேப்டன் ரயன் காலஹனையும், கூடவே முதல் சுற்று ட்ராஃப்ட் உரிமைகளையும் கொடுத்தது. பதினோரு சுற்றிலும் எடுக்கப்படாத ஒருவருக்காக, 38 வயதில்.

2014 மே 8 அன்று அவருடைய தாயார் மாரடைப்பால் காலமானார். பிட்ஸ்பர்குக்கு எதிரான தொடரில் ரேஞ்சர்ஸ் 3-1 என்று பின்தங்கியிருந்தது. மறுநாளே அவர் அணியோடு வந்து ஆடினார், அணி வென்றது. மே 11 அன்னையர் தினம். அன்றைய ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கோல் அடித்தார். அரங்கத்தில் அவருடைய அப்பா இருந்தார். ரேஞ்சர்ஸ் அந்தத் தொடரை 4-3 என்று முடித்து, இறுதி வரை போய் லாஸ் ஏஞ்சலஸிடம் தோற்றது. ஓராண்டு கழித்து ஓய்வு. டாம்பா 2017 ஜனவரியில் அவருடைய 26-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கூரையில் ஏற்றியது. அந்த அணி அப்படி ஏற்றிய முதல் எண். 2018-இல் ஹால் ஆஃப் ஃபேம்.

ஓய்வுக்குப் பிறகு கனெடிகட்டில் தன் மகன்களின் சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவரை, 2022 பிப்ரவரியில் மாண்ட்ரியால் கனேடியன்ஸ் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. தொழில்முறை அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அனுபவமே இல்லை. அங்கே துணைப் பயிற்சியாளராக ஏற்கெனவே இருந்தவர் அலெக்ஸ் பரோஸ். யாரும் எடுக்காத இரண்டு முன்கள வீரர்கள், கனடாவின் மிகப் பழைய அணியின் பெஞ்சுக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

நீங்கள் இனி ட்ராஃப்ட் பார்த்து முடித்தால், டிவியை அணைத்துவிட வேண்டாம். அடுத்த சில நாளில் ஒவ்வொரு அணியும் இளையோர் முகாமுக்கான பட்டியலை வெளியிடும். அதன் அடியில், தேர்வானவர்களின் பெயர்களுக்குக் கீழே, அழைக்கப்பட்டவர்கள் என்று தனியாகச் சில பெயர்கள் இருக்கும். உங்களுக்குப் பிடித்த அணியின் பட்டியலில் அந்தப் பகுதியிலிருந்து ஒரு முன்கள வீரரைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் அவர் எந்த லீகில், எந்த லைனில் ஆடுகிறார், அணி ஓர் ஆள் குறைவாக நின்று தடுத்து ஆடும் நேரத்தில் இறக்குகிறார்களா என்று பாருங்கள். இறக்கினால், அந்த அணியில் அவருக்காகப் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம்.